புரோட்டோன் சாகா எஞ்சின் (4ஜி13)

மலேசியாவின் முதல் தேசிய காரான புரோட்டோன் சாகாவின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். மிட்சுபிஷியின் ‘ஓரியன்’ குடும்பத்தைச் சேர்ந்தது. ஷா ஆலமில் தயாரான சாகா 1985 ஜூலை 9 அன்று அறிமுகமானது.

கொள்ளளவு 1298 சிசி. சிலிண்டர் விட்டம் 71 மி.மீ., பிஸ்டன் வீச்சு 82 மி.மீ. தொடக்கத்தில் எட்டு வால்வுகள், பின்னர் பன்னிரண்டு. சாகாவுக்கு ஒற்றைக் கேம்ஷாஃப்டே போதுமானதாக இருந்தது.

எளிமைதான் இதன் பெரும்பலம். கார்புரேட்டர் எஞ்சின் என்பதால் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களின் சிறு பட்டறைகளிலும் பழுதுபார்க்க முடிந்தது. இதே குடும்ப எஞ்சின் பூட்டிய புரோட்டோனின் இஸ்வாரா கார்கள் கோலாலம்பூரில் நெடுங்காலம் டாக்சிகளாக உழைத்தன.

பலவீனமும் உண்டு. இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட். ரேடியேட்டரில் நீர் வற்றி எஞ்சின் கொதித்தால் ஹெட் கேஸ்கட் போய்விடும். டைமிங் பெல்ட்டையும் உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும்.