களைப்பை அளந்த விமானி அறை



விமானம் விபத்துக்குள்ளானால், "ஓட்டியவரின் கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது முன்னாளைய வழக்கம். கவனம் ஏன் குறைகிறது, எப்பொழுது குறையத் தொடங்குகிறது? இதை அளந்தே பார்த்த சிலரின் வரலாற்றை இன்று காண்போம்.

1940-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம். பிரிட்டிஷ் விமானிகள் இருளிலும் மேகத்திலும், வெளியே ஒன்றும் தெரியாத நிலையில், எதிரேயுள்ள கருவிகளின் முட்களை மட்டுமே நம்பி நெடுநேரம் பறக்க வேண்டியிருந்தது. களைத்துப்போன விமானி எத்தகைய தவறு செய்கிறார் என்பதை வானத்தில் சோதித்தால் உயிர் போய்விடும். ஆகவே தரையிலேயே சோதிக்க வழி தேடினார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்தில் கென்னத் கிரெய்க் என்பவர் இருந்தார். அப்போது வயது 26. கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர். 'ஸ்பிட்ஃபயர்' போர் விமானத்தின் விமானி அறையை ஆய்வுக்கூடத்தில் அமைத்தார். பிடியை அசைத்தால், உண்மையாகப் பறப்பது போலவே முட்களும் அசையும். விமானி செய்வதெல்லாம் பதிவாகிவிடும். இதற்குக் 'கேம்பிரிட்ஜ் காக்பிட்' என்று பெயர்.

நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் இதில் அமர்ந்தார்கள். இரண்டு மணி நேரமும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஓட்டினார்கள்.

கண்ட முடிவுகள் வியப்பானவை. பால்மரம் சீவிவிட்டு வருகிறவருக்குக் கையும் தோளும் வலிக்கும். களைப்பு இன்ன இடத்தில் என்று அவருக்கே தெரியும். மனக்களைப்பு அப்படியன்று. தொடக்கத்தில் எல்லா முட்களையும் ஒருசேரப் பார்த்தவர், பிறகு ஒவ்வொன்றாகத் தனித்தனியே பார்க்கலானார். ஓரத்தில் இருந்த பெட்ரோல் அளவு அடியோடு மறந்துபோயிற்று. முள் சிறிது விலகினாலே உடனே சரிசெய்தவர், வெகுதூரம் விலகிய பின்னும் "இது போதும்" என்று விட்டுவிட்டார். கோபம் வந்தது, கருவி சரியில்லை என்று ஏசினார். ஆனால் தாம் நன்றாகவே ஓட்டுவதாகத்தான் அவர் எண்ணம்!

இன்னொன்றும் தெரிந்தது. பயணம் முடியப்போகிறது என்று அறிந்ததும் பிழைகள் மளமளவென்று பெருகின. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. கடினமான கணக்கெல்லாம் சரியாயிருக்கும். கடைசிக் கணக்கின் கூட்டல் தவறியிருக்கும். ஆனால் விமானிக்குக் கடைசி வேலை, தரையிறங்குவது.

ஆய்வுக்கூடத் தலைவர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1943-இல் அச்சான தம் உரையில் இவற்றை விளக்கினார். திறமை மிகுந்த வேலையில் வரும் களைப்பு, தசைக் களைப்பிலிருந்து வேறுபட்டது என்றார். கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை என்பதற்கு அளந்தெடுத்த சான்று கிடைத்தது. நம்மைக் கேட்டால், அந்த அறை செய்த பெரிய உதவி இதுதான்.

கிரெய்க் நெடுநாள் வாழவில்லை. 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாட்களில், சைக்கிளில் சென்றபோது விபத்துக்குள்ளாகி 31 வயதில் மறைந்தார்.

இன்று பயணிகள் விமானத்தின் ஓட்டிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இத்தகைய பாவனை அறையில் அமர்ந்து சோதனைக்கு உட்படுகிறார்கள். என்ஜின் தீப்பற்றுவது போன்ற ஆபத்துகளை அங்கேயே சந்தித்துப் பழகுகிறார்கள். ஒருவர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம், இடையே எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. "எனக்குக் களைப்பில்லை, இன்னும் ஓட்டுவேன்" என்று அவரே சொன்னாலும் அந்தச் சட்டம் விடாது.