மிதிவண்டி டயரின் காற்றழுத்தம்: அழகர்கோவில் சாலையில் ஒரு வரலாறு

மிதிவண்டி டயரின் காற்றழுத்தம் என்பது டியூபுக்குள் அடைக்கப்பட்ட காற்று டயரின் உட்சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதன் அளவு. இது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, அதாவது பி.எஸ்.ஐ என்ற அலகில் குறிக்கப்படுகிறது. டயர் கல்லைப் போல இறுகினால்தான் வண்டி வேகமாக ஓடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. காற்றடைத்த டயரின் வரலாறோ இதற்கு நேர்மாறான ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

தோற்றம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளுக்காக அவர் செய்த அது பரவவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிர்வதைக் கண்டு, மரத்தட்டு ஒன்றைச் சுற்றி ரப்பர் குழாயைப் பொருத்திக் காற்றடைத்தார். அதையும் பழைய கெட்டிச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டபோது காற்றுச் சக்கரமே அதிக தூரம் ஓடியது. 1888இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் இந்த டயருடன் ஓட்டி வென்றார். தாம்சனின் கண்டுபிடிப்பு முந்தையது என்று தெரியவந்ததால் டன்லப்பின் அடிப்படைக் காப்புரிமை பின்னர் செல்லாமல் போனது.

மேடுபள்ளத்தில் கெட்டிச் சக்கரம் துள்ளும்போது ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பகுதி குலுக்கலாக வீணாகிறது. காற்றுள்ள டயர் சிறு கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடக்கிறது. முற்றத்தில் நடந்த சோதனையின் விளக்கம் இதுதான்.

இறுக்கத்தின் காலம்

பந்தயத் தளங்கள் வழவழப்பானபோது இந்தப் பாடம் மறைந்தது. சமமான தளத்தில் டயர் நசுங்கி விரிவதால்தான் ஆற்றல் இழப்பு அதிகம். எனவே குறுகிய டயரும் மிகுந்த அழுத்தமும் சிறந்தவை என்ற முடிவு எழுந்தது. ஆய்வகங்களில் வழவழப்பான உருளைமேல் நடந்த சோதனைகளும் அதையே உறுதிசெய்தன. உருளைமேல் மனிதர் உட்காராததால் குலுக்கலின் இழப்பு கணக்கில் வரவில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1949இல் சென்னையில் முருகப்பா குழுமம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அதன் ஹெர்குலிஸ் போன்ற கனமான வண்டிகளின் 28 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ 40 மி.மீ. அகல டயர் இருந்தது. கேரியரில் நெல் மூட்டையும் பால் கேனும் ஏறின. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிச் சென்றனர். சுமை மிகும்போது காற்றும் மிக வேண்டும் என்பதால் இவ்வண்டிகளுக்கு இறுக்கமாக அடிப்பது பொருத்தமாகவே இருந்தது.

இவ்வண்டிகளின் வால்வில் சிறிய ரப்பர்க் குழாய் ஒன்று காற்றைத் தடுத்து நிற்கும். அந்தக் குழாயால் உள்ளழுத்தத்தைக் கருவியில் சரியாகப் படிப்பது கடினம். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்க்கும் வழக்கம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலை வண்டியும் ஹைப்ரிட் வண்டியும்

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர்கள் சிலர் பழைய பருத்த டயர் வண்டிகளில் மண்பாதை இறக்கப் பந்தயம் ஒன்றை நடத்தினர். மலை வண்டி பிறந்தது இத்தகைய பந்தயங்களிலிருந்துதான். பருத்த டயரில் குறைந்த அழுத்தம் வைத்தால் அது மண்ணையும் கல்லையும் பற்றிக்கொள்ளும். சாலை வண்டியின் பெரிய சக்கரத்தையும் மலை வண்டியின் நிமிர்ந்த அமர்வையும் சேர்த்து ஹைப்ரிட் வண்டி பின்னர் வந்தது.

அமெரிக்கரான பிராங்க் பெர்ட்டோ, ஆள் ஏறி உட்காரும்போது டயரின் உயரம் ஏறத்தாழ 15 விழுக்காடு தாழ்வது நல்ல அளவு என்று வகுத்தார். 2006 முதல் ஜான் ஹைன் வெளியிட்ட சாலைச் சோதனைகள், அகன்ற டயரில் மிதமான காற்று இருந்தால் வேகம் குறைவதில்லை என்று காட்டின. பந்தய வண்டிகளின் டயரும் 23 மி.மீ.யிலிருந்து 28 மி.மீ.க்கு அகன்றது. டன்லப்பின் முற்றத்தில் தெரிந்த உண்மை ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஏற்கப்பட்டது.

அழகர்கோவில் சாலை

மதுரையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில் அழகர்கோவில் உள்ளது. தல்லாகுளம், கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாகச் சாலை சமவெளியிலேயே செல்கிறது. கோவிலுக்கு அப்பால் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் செல்லும் பாதை வளைந்து மலையேறுகிறது. தார்ச்சாலை, ஓரத்து மண், ஏற்றம், இறக்கம் ஆகிய நான்கும் ஒரே வழியில் வருவதால், ஒரே அழுத்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இச்சாலை நல்ல எடுத்துக்காட்டு.

65 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்குத் தொடக்க அளவாகக் கீழ்க்கண்டவற்றைக் கொள்ளலாம்:

* 2.1 அங்குல மலை வண்டி டயர் (டியூபுடன்): தார்ச்சாலையில் 35–40 பி.எஸ்.ஐ, மண்பாதையில் 28–32.
* 38 மி.மீ. ஹைப்ரிட் டயர்: தார்ச்சாலையில் 50–55 பி.எஸ்.ஐ, கரடுமுரடான பாதையில் 45.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைகளைத் தாண்டக் கூடாது. பின்சக்கரமே அதிக எடையைத் தாங்குவதால் முன்சக்கரத்தில் 3 முதல் 5 பி.எஸ்.ஐ குறைக்கலாம். எடை கூடியவரும் சுமை ஏற்றுபவரும் சற்று உயர்த்த வேண்டும்.

காற்று மிகக் குறைந்தால் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரு துளைகள் விழும். மிகுந்தால் மலை இறக்கத்தின் வளைவில் டயர் துள்ளிப் பிடியை இழக்கும்; அங்கே அது உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 27 பாகை செல்சியசில் 50 பி.எஸ்.ஐ அடித்த டயர் 47 பாகைக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 54 ஆகும். இறக்கத்தில் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் அது இன்னும் உயரும். எனவே எல்லையை ஒட்டி அடிக்காமல் சிறிது இடம் விடுவது நல்லது.

மலை வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் உள்ள வகை வால்வே இருக்கிறது. பெட்ரோல் பங்கிலும் அதில் காற்றடிக்கலாம். ஆனால் சிறிய டியூப் நொடிகளில் நிரம்பி வெடிக்கக்கூடும் என்பதால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். அளவுமானியுள்ள கைப்பம்பால் வாரம் ஒருமுறை சரிபார்ப்பது பாதுகாப்பானது. கட்டைவிரலுக்கு 40க்கும் 60க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மலை வளைவில் அந்த வேறுபாடு தெரிந்துவிடும்.