இயந்திரத் தாளமும் தூசு படிந்த இசைத்தட்டும்

கல்கிசைக் கடற்கரையில் இரவுநேர நடன நிகழ்ச்சிகள் புதியவையல்ல. இன்று அங்கே வாத்தியக் குழுவின் இடத்தைப் பெரும்பாலும் மின்னணு இசை பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேல் அடிக்கும் தாளத்துக்கு, ரயில் பாதைக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணலில் இளைஞர்கள் ஆடுகின்றார்கள். அந்த இசையை நேரில் நின்று கேட்பதில் எனக்கு விருப்பம் உண்டு. என் வயதையொத்த நண்பர்களுக்கு இது விளங்குவதில்லை. "மேற்கிலிருந்து இறக்குமதியான இரைச்சல்" என்பது அவர்களுடைய தீர்ப்பு. வரலாறு அத்தீர்ப்பை ஏற்கவில்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தையும், 1981இன் இறுதியில் டிபி-303 என்ற சிறு கருவியையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னையது, தனியாகப் பயிற்சி செய்யும் கித்தார் கலைஞருக்குப் பேஸ் கித்தார் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. பேஸ் கித்தார் போல அது ஒலிக்கவில்லை. விற்பனை படுத்தது. 1984இல் உற்பத்தியும் நின்றது. பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்த அக்கருவியைச் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் வாங்கித் திருகிப் பார்த்தார்கள். ஃபியூச்சர் என்ற குழுவின் 'அசிட் ட்ராக்ஸ்' 1987இல் வெளியானது. 'அசிட் ஹவுஸ்' எனும் நடன இசை வகை அத்தட்டோடு பிறந்தது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது.

ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1982இல், பம்பாயில் ஓர் இசைத்தட்டு வெளிவந்திருந்தது. ஹிந்தித் திரையிசைக் கூடங்களில் கித்தாரும் மின்னணு விசைப்பலகையும் வாசித்து வாழ்ந்த சரண்ஜித் சிங் என்பவர், இதே இரு ரோலண்ட் கருவிகளோடு ஜூப்பிட்டர்-8 என்ற மூன்றாவதையும் சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது தட்டின் பெயர். அதிலுள்ள பூபாளி நமக்கு மோகனம். மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி டிபி-303இல் இருந்தது. மேற்கத்திய பேஸ் வாசிப்புக்குப் பொருந்தாத அக்கருவி, கமகத்தை உயிராகக் கொண்ட இசைக்கு இசைந்து கொடுத்ததில் வியப்பில்லை.

தட்டு விலைபோகவில்லை. இருபது ஆண்டுகள் அதனை எவரும் தேடவுமில்லை. 2002இல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துச் சேகரிப்பாளர் டில்லியில் அதன் பிரதியொன்றைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்ததும் இசை எழுத்தாளர்கள் திகைத்துப் போனார்கள். எழுபதைக் கடந்த சரண்ஜித் சிங் அதன்பின் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார், 2015இல் மறைந்தார். சிகாகோ இளைஞர்கள் அவர் தட்டைக் கேட்டிருந்தார்கள் என்று எவரும் நிறுவவில்லை. நான் சொல்வதும் அதுவன்று. ஒரே கருவியிலிருந்து இரு நகரங்களில் தனித்தனியே ஓர் இசை பிறந்தது. ஒன்றுக்கு உடனே வரலாறு கிடைத்தது. மற்றது, யாரோ ஒருவர் ஒரு பிரதியை எறியாமல் வைத்திருந்ததனால் மட்டுமே வரலாற்றுக்குள் வந்தது.

எனக்கு நம் நாட்டு நிலைமை நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் கொழும்பை நோக்கித் தங்கள் பெட்டிகளின் முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியமே அந்த வர்த்தக சேவையின் செல்வம். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரைத் தமிழகம் இன்றும் மறக்கவில்லை. தட்டைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, கேட்போரைக் கட்டிப்போடும் கலை அது. கடற்கரையில் இன்று 'டிஜே' செய்வதும் அதன் கிளையே.

வானொலியோடு நம்முடைய சொந்த இசையும் இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை ஈழத்துப் பொப்பிசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. பைலாத் துள்ளலில் தமிழும் சிங்களமும் கலந்த 'சுராங்கனி', 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் வழியாக 1977இல் தமிழ்த் திரைக்கும் போனது. இவையும் அந்நாளில் நடன இசையே. இவற்றையும் அன்றைய பெரியவர்கள் இரைச்சல் என்றார்கள்.

1977இல் திறந்த பொருளாதாரம் ஜப்பானிய ஒலிநாடாக் கருவிகளைக் கொண்டுவந்தது. தட்டுகள் பரணுக்குப் போயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த புத்தகங்களைப் பற்றி நாம் எழுதியிருக்கின்றோம். அலுமாரிகளில் இருந்த இசைத்தட்டுகளுக்குக் கணக்கெழுதியவர் எவருமில்லை. எஞ்சியவற்றுள் பல, குடும்பங்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் புறப்பட்டபோது பழைய இரும்புக்காரரிடம் போயின.

இளையோர் இன்று பழைய தட்டுகளைத் தேடுகின்றார்கள். அவற்றின் துணுக்குகளைப் புதிய தாளத்தோடு இணைப்பது அவர்களின் வழக்கம். தூய்மைவாதிகள் முகஞ்சுளிக்கலாம், எனக்கு அது மகிழ்ச்சியே. ஆடுவதற்காகவேனும் ஒருவர் தேடினால் ஒரு தட்டு பிழைக்கும். ஆயினும், தேடுகின்றவர் கையில் கிடைக்க ஏதாவது எஞ்சியிருக்க வேண்டுமே!

உங்கள் வீட்டில் ஈழத்து இசைத்தட்டு ஒன்றேனும் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். நம் கடற்காற்றின் ஈரம் உறையையும் தட்டையும் பூஞ்சணத்துக்கு இரையாக்கும். உறையில் உள்ள பெயர்களைப் படியெடுத்துக் கொள்ளுங்கள். வாசித்தவர் யார், பதிவு செய்தவர் யார் என்ற விபரம் பலவேளைகளில் அந்த உறையைத் தவிர வேறெங்கும் இல்லை.