விமானம் ஓட்டக் கற்க வெளிநாடு போனவர்கள் - ஒரு சின்ன வரலாறு

எங்கள் திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் 'பைலட்' என்று சொன்னால் பெரியவர்களுக்கு முதலில் விமானம் ஞாபகத்துக்கு வராது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாகத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பவர்தான் இங்கே பைலட். என் நண்பன் பிளஸ் டூ முடித்ததும் "நான் பைலட் ஆகப்போறேன்" என்று சொன்னபோது, அவன் தாத்தா "எந்தக் கப்பல்லடா?" என்று கேட்டது இதனால்தான்!

அவன் சொன்னது விமானம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார்கள். அமெரிக்காவா, பிலிப்பைன்ஸா, தென்னாப்பிரிக்காவா என்பதுதான் கேள்வி. என்னிடமும் கேட்டான். நான் வரலாறு படிக்கிற ஆள். எனக்கு எந்தப் பள்ளியையும் தெரியாது. ஆனால் இதே கேள்வியோடு முன்னால் போனவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண் பரிசோதனையில் தோற்றவர்

முதல் உலகப் போர் சமயத்தில் இந்தியர் ஒருவர் விமானம் ஓட்டக் கற்பதென்றால் அது பெரும்பாடு. ஆக்ஸ்போர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக்கைப் பிரிட்டிஷ் விமானப் படை முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் விமானப் படையில் எடுத்துக்கொள்ளத் தயார் என்றதும் அவருடைய ஆக்ஸ்போர்டு ஆசிரியர் பிரிட்டிஷ் தளபதிக்குக் கடிதம் எழுத, 1917-ல் இடம் கிடைத்தது.

கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த இந்திர லால் ராய்க்கு வேறு பிரச்சினை. கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, முதல் முடிவை மாற்ற வைத்துச் சேர்ந்தார். 10 எதிரி விமானங்களை வீழ்த்தினார். 1918 ஜூலை 22 அன்று போரில் இறந்தபோது வயது 19.

நூறு வருடம் கழித்தும் முதல் வாசல் அந்த மருத்துவப் பரிசோதனைதான். ஆனால் பலர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போகிறார்கள்!

ஆகா கான் பந்தயம்

1929-ல் ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் பிளையிங் கிளப்பில் கற்றுக்கொண்டு இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். அடுத்த வருடமே சென்னையிலும் மெட்ராஸ் பிளையிங் கிளப் வந்துவிட்டது. அதே 1930-ல் ஒரு பந்தயம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக முதலில் பறக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங் இங்கிலாந்தில் பறக்கக் கற்றவர். டாடா பம்பாயில் கற்றவர். ஆஸ்பி இன்ஜினியர் கராச்சியில் கற்ற 17 வயதுப் பையன்.

ஜெயித்தது யார் தெரியுமா? கராச்சிப் பையன்! வழியில் எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றவருக்கு, எதிர்த் திசையில் பறந்து வந்த டாடாவே தன்னிடம் இருந்ததைக் கொடுத்து உதவினார். அந்த ஆஸ்பி பிற்பாடு இந்திய விமானப் படைத் தளபதி ஆனார். வெளிநாட்டில் படித்தவர்தான் கெட்டிக்காரர் என்பது அன்றைக்கே பொய்த்துவிட்டது.

போயே ஆகவேண்டியவர்கள்

வேறு வழியே இல்லாமல் போனவர்களும் உண்டு. ராணுவ விமானி ஆவதற்கு அப்போது இந்தியாவில் பயிற்சி கிடையாது. 1930-ல் சுப்ரதோ முகர்ஜி உள்ளிட்ட முதல் தொகுதி இளைஞர்கள் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்குப் போனார்கள். 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப் படை பிறந்தபோது இருந்த விமானிகள் ஐந்தே பேர், எல்லோரும் கிரான்வெல்லில் தேறியவர்கள். அவர்களுக்கு அரசே இடமும் கொடுத்தது, வேலையும் கொடுத்தது. இப்போது சொந்தக் காசில் போகிறவனுக்கு அந்த இரண்டாவது உத்தரவாதம் கிடையாது. இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

இரண்டாம் உலகப் போரில் நம் பகுதிக்கே விமானங்கள் வந்தன. செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப் படையின் 'கேட்டலினா' பறக்கும் படகுகள் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. இன்று நாம் குடிக்கிற தண்ணீர் அன்றைக்கு ரன்வே!

அதன்பிறகு உஷா சுந்தரம். 1949-ல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். 1950-ல் மெட்ராஸ் அரசு வாங்கிய 'டவ்' விமானத்தைக் கணவர் கேப்டன் சுந்தரத்தோடு லண்டனிலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். கற்றது பெங்களூரில், லண்டன் போனது விமானத்தை எடுத்து வர!

அலையும் அலை ஓய்ந்ததும்

2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் ஸ்பைஸ்ஜெட், கிங்ஃபிஷர், 2006-ல் இண்டிகோ என்று வரிசையாக வந்தபோது விமானிகளுக்குத் தட்டுப்பாடு. உள்ளூர்ப் பள்ளிகளில் விமானமும் குறைவு, ஆசிரியரும் குறைவு. 200 மணி நேரம் பறந்து முடிக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் 2019-ல் ஜெட் ஏர்வேஸும் நின்றன. பல லட்சம் செலவழித்து லைசென்ஸோடு திரும்பியவர்கள் அனுபவமுள்ள விமானிகளோடு வேலைக்குப் போட்டி போட வேண்டியிருந்தது.

பயிற்சிப் பள்ளியும் மூழ்கலாம். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் திடீரென்று மூடப்பட்டது. முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டியிருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். பயிற்சி பாதியில் நின்றது, கடன் நிற்கவில்லை.

நண்பனுக்குச் சொன்னது

இதையெல்லாம் படித்த பிறகு நண்பனிடம் நான் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஒரு வரிசையைத்தான் சொன்னேன்.

முதலில் இங்கேயே டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள். கண்ணும் காதும் சரி என்று தெரியாமல் பத்திரத்தை வெளியே எடுக்காதே. பிறகு ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன் தேர்வுகளை இங்கேயே எழுதிப் பார். வெளிநாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு நேராக இந்திய விமானத்தில் உட்கார முடியாது. அதை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால் உன்னால் முடியுமா என்று சில ஆயிரம் ரூபாய்ச் செலவிலேயே தெரிந்துவிடும்.

அதன்பிறகு பள்ளியைப் பார். எத்தனை விமானங்கள் என்று கேட்காதே, எத்தனை விமானங்கள் இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று கேள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? வருடத்தில் எத்தனை மாதம் வானம் தெளிவாக இருக்கும்? இந்தியா கேட்கிற 200 மணி நேரமும், அதில் நீயே கமாண்டராகப் பறக்க வேண்டிய 100 மணி நேரமும் கட்டணத்துக்குள் அடக்கமா? பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்வார்களா? கமிஷன் வாங்கும் ஏஜென்டிடம் கேட்காதே. அங்கே படித்துத் திரும்பி வந்து இந்திய லைசென்ஸும் வாங்கிய இரண்டு பேரிடம் கேள்.

அவன் போன வாரம் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தான். வண்ணப் பார்வைக்கு இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். முகம் வாடித்தான் இருந்தது. இந்திர லால் ராய் கதையைச் சொன்னேன். "அவர் மாத்திட்டார், நானும் பார்க்கிறேன்" என்றான். பத்திரம் இன்னும் அவன் அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது.

அவன் தாத்தா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். துறைமுகத்து பைலட் ஆவதற்கு முன்னால் ஒருவர் பல வருடம் கடலில் இருந்திருக்க வேண்டுமாம். "வழி தெரியாம வழி காட்ட முடியாதுடா" என்றார்.