மூப்படையும் காருக்கு ஒரு தேர்வு

மனிதனைப் போலவே பொறிகளும் மூப்படைகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் உடலில் பழுது ஏற்பட்டால் பெரும்பாலும் வலி அதை அறிவித்துவிடும். பிரேக் தேய்ந்துபோன காருக்கு வலிப்பதில்லை. தேய்மானம் சிறிது சிறிதாக நிகழ்வதால், நாள்தோறும் அதை ஓட்டுபவரும் உணர்வதில்லை. பிரேக்கைச் சற்று ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தால் கால் அதற்குப் பழகிக்கொள்கிறது. எதிரே திடீரென ஒரு குழந்தை ஓடி வரும்போதுதான் உண்மை வெளிப்படும்.

ஆகவே காரின் நலத்தை அதன் உரிமையாளர் மட்டும் முடிவு செய்தால் போதாது. பழக்கமற்ற வேறொரு கண்ணும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நடைபெறும் ஆண்டுச் சோதனைக்கு அடிப்படை இக்கருத்தே. இச்சோதனை வளர்ந்த வரலாறு, கார் எவ்வாறு மூப்படைகிறது என்பதை மக்கள் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாறும் ஆகும்.

பத்தாண்டுச் சோதனை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் செய்யப்பட்ட புதிய கார்களுள் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது. உள்நாட்டு மக்கள் போருக்கு முற்பட்ட வண்டிகளையே பழுது பார்த்து ஓட்டி வந்தனர். இந்நிலையில், வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரத்தை 1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அரசுக்கு அளித்தது. போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் காலத்தில், 1960 செப்டம்பரில் சோதனை தொடங்கியது; 1961 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று.

பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அப்போது சோதனை. பிரேக், திசைதிருப்பும் அமைப்பு, விளக்குகள் ஆகிய மூன்றும் பார்க்கப்பட்டன. அரசின் ஒப்புதல் பெற்ற தனியார் பட்டறைகளே இதைச் செய்தன. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மக்கள் இதனை ‘எம்.ஓ.டி.’ என்றழைத்தனர். அந்த அமைச்சகம் 1970-இல் வேறொரு துறையுடன் இணைக்கப்பட்ட பின்னரும் சோதனையின் பெயர் மாறவில்லை.

முதற் சோதனைகளில் தேறாத வண்டிகள் ஏராளம். எனவே 1961-ஆம் ஆண்டிலேயே வயது வரம்பு ஏழாகக் குறைக்கப்பட்டது, 1967-இல் மூன்றாயிற்று. மூன்றாண்டு வயதுள்ள கார் பழைய காரா என நீங்கள் வினவலாம். ஓடிய தூரம், சாலையின் தன்மை, பராமரிப்பு ஆகியவையும் தேய்மானத்தைத் தீர்மானிக்கின்றன. கார் பிறந்த ஆண்டை மட்டும் கொண்டு அதன் நலத்தைக் கணிக்க முடியாது.

உருளைகள் சொல்லும் உண்மை

இன்று பிரேக்கைச் சோதிக்கச் சக்கரங்களைச் சுழலும் உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். பிரேக்கை மிதித்ததும் ஒவ்வொரு சக்கரமும் காட்டும் எதிர்ப்பு விசை அளக்கப்படுகிறது. விசைகளின் கூட்டுத்தொகை வண்டியின் எடையில் பாதியாக இருந்தால் பிரேக்கின் திறன் 50 சதவீதம். 2010 செப்டம்பருக்கு முன் ஓடத் தொடங்கிய கார்களுக்கு இதுவே குறைந்த அளவு. அதற்குப் பிற்பட்டவற்றுக்கு 58 சதவீதம்.

இந்த எண்ணின் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 50 சதவீதத் திறனில் பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும். திறன் 25 சதவீதமாகக் குறைந்தால் 36 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானாலோ தூரம் நான்கு மடங்காகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதே இதற்குக் காரணம். இடப்பக்க விசையும் வலப்பக்க விசையும் பெரிதும் வேறுபட்டால், வண்டி ஒரு பக்கமாக இழுக்கப்படும். இதையும் உருளைகள் காட்டிவிடும்.

துருவும் புகையும்

1968-இல் டயர்கள் சோதனையில் சேர்ந்தன. 1977-இல் கண்ணாடித் துடைப்பான்கள், ஹாரன் முதலியவற்றுடன் காரின் உடற்பகுதியும் சேர்ந்தது. தனிச் சட்டம் இன்றி, தகட்டு உடலே சுமை தாங்கும் கார்கள் அதற்குள் பெருகிவிட்டன. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்புநீர் தகட்டின் அடியில் தங்கித் துருவை விரைவுபடுத்துகிறது. மேலே வண்ணம் பளபளக்க, உள்ளே உலோகம் உதிர்ந்திருக்கும். இருக்கைப் பட்டை, சக்கரத் தாங்கிகள் முதலியன பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் கடுமையான துரு இருந்தால் கார் தேறாது. துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும்.

1991-இல் பெட்ரோல் கார்களின் புகையும், 1994-இல் டீசல் கார்களின் புகையும் சோதனைக்கு உட்பட்டன. காருக்குள் இருப்பவர், சாலையில் நடப்பவர் ஆகியோருடன், காற்றைச் சுவாசிப்பவரின் நலமும் கணக்கில் சேர்ந்தது.

யாருக்காக இத்தேர்வு?

பழைய காரை வைத்திருப்போர் பலர் வசதி குறைந்தவர்கள். பற்றவைக்கும் செலவு காரின் விலையையே மிஞ்சும்போது, அது பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. வேலைக்குச் செல்ல அந்தக் காரையே நம்பியிருப்பவருக்கு இது பேரிழப்புதான். ஆயினும் பிரேக் பிடிக்காத காரின் முன் நிற்பவருக்கு, அதன் உரிமையாளரின் வருமானம் எவ்வகையிலும் காப்பாகாது. முதற் சோதனையை நான்காம் ஆண்டுக்குத் தள்ளலாமா என 2023-இல் அரசு கருத்துக் கேட்டது. பின்னர், 2024 ஜனவரியில், மூன்றாண்டு வரம்பே தொடரும் என அறிவித்தது.

மறுமுனையில் ஒரு விலக்கும் உண்டு. பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2018 மே மாதம் முதல் சோதனை கட்டாயமில்லை. இவற்றை உரியவர்கள் பேணிக் காப்பதும், அரிதாகவே ஓட்டுவதும் இதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ஆனால் வண்டியைச் சாலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமையிலிருந்து அவர்களுக்கும் விலக்கில்லை.

சான்றிதழ் சோதனை நடந்த நாளின் நிலையை மட்டுமே கூறுகிறது. தேய்மானமோ மறுநாளே தன் வேலையைத் தொடர்ந்துவிடுகிறது. மற்றொரு கண் ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கும். எஞ்சிய 364 நாட்களும் பார்க்க வேண்டியவர் ஓட்டுபவரே.