வணிகமும் கற்றறிய வேண்டிய ஒரு கல்வியே

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அதனை ஏற்காமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் செய்தி. தன்மானத்திற்கு எடுத்துக்காட்டாகவே இதனைக் கூறுவது வழக்கம். அது சரியே. ஆயினும் அவர்கள் மக்காவிலேயே வணிகத்தில் பழகியவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கையில் பொருள் இல்லை. ஆனால் எச்சரக்கை எங்கு வாங்கி எவரிடம் விற்பது என்னும் அறிவு இருந்தது. அவ்வறிவே அன்று அவர்களுக்கு முதலாக அமைந்தது.

"வியாபாரம் இரத்தத்தில் ஊறி வருவது, படித்து வருவதன்று" என்று நம்மில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இஸ்லாமிய வரலாறு இக்கூற்றுக்கு இடம் தரவில்லை. மார்க்கச் சட்டத்தை விளங்கியவரே நமது சந்தையில் விற்பனை செய்யவேண்டும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 189-இல் (கி.பி. 805) மறைந்த இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் கூட்டு வணிகத்தின் சட்டங்களை விரிவாக எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் பொருளீட்டலுக்கெனத் தனி நூற்பகுதியே வகுத்து, கொடுக்கல் வாங்கல், வட்டி, ஸலம், இஜாரா, கிராள், ஷிர்கத் ஆகிய ஆறினையும் பொருளீட்டுவோர் அறிந்திருப்பது கடமை என்று விளக்கினார்கள்.

இவற்றுள் கிராள் என்பதையே ஹனஃபி நூல்கள் முளாரபா என்று கூறும். மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் இதன் தேவைக்குக் கூறப்படும் காரணம் மிகவும் எளிமையானது. செல்வமுடையோர் சிலருக்கு வணிகம் தெரியாது. வணிகம் தெரிந்தோர் சிலரிடம் செல்வம் இராது. இருவரும் இணைந்தால் இருவர் தேவையும் நிறைவேறும். இலாபத்தை இத்தனையில் இத்தனை பங்கு என விகிதமாகவே பேசிக்கொள்ள வேண்டும். நட்டம் நேர்ந்தால் பொருள் போட்டவருக்குப் பொருள் போகும்; உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைத்தவர் நிபந்தனையை மீறியிருந்தாலோ கவனக்குறைவாக இருந்திருந்தாலோ மட்டுமே அவர் ஈடு செய்யவேண்டும். நம் சகோதரர்கள் சிலர் ஒருவரது கடையில் பணத்தைப் போட்டுவிட்டு, "இலாபமோ நட்டமோ, மாதம் இவ்வளவு தந்துவிடு" என்று பேசிக்கொள்கின்றனர். இது முளாரபா ஆகாது. பெயரை மாற்றிச் சொல்வதால் வட்டி வட்டியல்லாததாக ஆகிவிடாது.

சட்டம் இவ்வாறிருக்க, தொழில் நுணுக்கத்தை எவரேனும் நூலாக எழுதினரா? எழுதினர். அபுல் ஃபள்ல் ஜஅஃபர் இப்னு அலீ அத்திமிஷ்கீ என்பார் 'அல்இஷாரா இலா மஹாஸினித் திஜாரா' என்னும் நூலை இயற்றினார். வணிகத்தின் சிறப்புகளைச் சுட்டிக்காட்டுதல் என்பது அப்பெயரின் பொருள். ஹிஜ்ரி 570-இல் (கி.பி. 1174-75) எழுதப்பட்ட பிரதியொன்று இந்நூலை நமக்குக் காத்துத் தந்துள்ளது.

திமிஷ்கீ வணிகர்களை மூவகையாகப் பிரிக்கிறார். முதலாமவர் கஸ்ஸான், அதாவது இருப்பு வைப்பவர். சரக்கு மலிந்திருக்கும்போது வாங்கி, அருகும்போது விற்பவர். இவர் வழிகளின் பாதுகாப்பையும் ஆட்சியாளரின் நீதியையும் வலிமையையும் கணித்த பின்பே சரக்கைக் கிடங்கில் வைக்கவேண்டும். (மக்களின் உணவைப் பதுக்கி விலையேற்றும் இஹ்திகார் வேறு; அது ஹதீஸில் கண்டிக்கப்பட்ட பாவம்.) இரண்டாமவர் ரக்காள், அதாவது ஊர் ஊராகச் செல்பவர். தாம் திரும்பிச் செல்லவிருக்கும் ஊரின் விலைப்பட்டியலையும் சுங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டே இவர் அயலூரில் கொள்முதல் செய்யவேண்டும். வழிச்செலவும் சுங்கமும் போக என்ன மிஞ்சும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். வாங்கிய பின்னர் கணக்கிட்டுப் பயனில்லை. மூன்றாமவர் முஜஹ்ஹிஸ். இவர் ஊரைவிட்டு நகராமல் சரக்கை வெளியூருக்கு அனுப்புபவர். அங்கே நம்பிக்கைக்குரிய முகவர் ஒருவர் இவருக்கு இருத்தல் வேண்டும். அம்முகவருக்கு இலாபத்தில் பங்கும் இருத்தல் வேண்டும். பங்கு இருந்தால்தான் முதலாளியின் சரக்கைத் தம் சரக்கைப் போல் பேணுவார் என்பது எவருக்கும் விளங்கக்கூடியதே.

கஸ்ஸானுக்கு அவர் கூறும் அறிவுரை ஒன்று என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. இருநூறு உருப்படிகள் வாங்க எண்ணினால் ஒரே தடவையில் வாங்கிவிடாதே. பதினைந்து பதினைந்து நாள் இடைவெளியில் நான்கு தடவையாக வாங்கு என்கிறார். அதற்குள் சந்தையின் போக்கு தெரிந்துவிடும். விலை ஏறினால் முன்பு வாங்கியதில் இலாபம். இறங்கினால் எஞ்சிய தொகை கையில் பத்திரமாக இருக்கும். வளைகுடாவில் பத்தாண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த தொகை முழுவதையும் ஒரே மாதத்தில் கடை அலங்காரத்திலும் சரக்கிலும் இறக்கிவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் விசாவுக்கு அலைகின்ற இளைஞர்களைக் காணும்போதெல்லாம் இந்த நான்கு தவணைகள் நினைவுக்கு வருகின்றன. பைத்துல்மாலிலிருந்து தொழிலுக்காக வழங்கும் கர்ளன் ஹஸனாவையும் இம்முறையில் தவணைகளாக வழங்கலாமே என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தவணைக்கு வருபவர் முதல் தவணையின் வரவு செலவுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டட்டும்.

செல்வத்தைக் காப்பதற்கும் அவர் விதிகள் கூறுகிறார். வரவுக்கு மேல் செலவிடாதே. வரவுக்குச் சமமாகவும் செலவிடாதே, இடர் வரும் நாளுக்குச் சிறிது மிச்சம் வேண்டும். உன்னால் நிர்வகிக்க இயலாததில் கை வைக்காதே. எளிதில் விற்றுப் போகாத பொருளில் முதலை முடக்காதே. சரக்கை விற்பதில் விரைவு காட்டு. நிலத்தையும் வீட்டையும் விற்பதில் தாமதம் காட்டு. எளிதில் விற்காத பொருளுக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று மன்னர்கள் மட்டுமே வாங்கும் மாணிக்கம். மற்றொன்று அறிஞர்கள் மட்டுமே வாங்கும் நூல்கள்! இவ்விதிகள் ப்ரைசன் என்னும் கிரேக்கரின் நூலிலிருந்து அரபிக்கு வந்தவை. நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ள அன்றைய முஸ்லிம்கள் தயங்கவில்லை.

மறுபக்கமும் அவ்வாறே நிகழ்ந்தது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா துறைமுகத்தின் சுங்கச் சாவடியில் இத்தாலியின் பீசா நகர வணிகர்களுக்காகப் பணிபுரிந்த ஒருவர், தம் மகனை அங்கு வரவழைத்துக் கணக்குப் பயில வைத்தார். அம்மகனே ஃபிபோனாச்சி. அங்கு கற்ற இந்திய எண்களைக் கொண்டு 1202-இல் அவர் எழுதிய 'லிபெர் அபாசி' என்னும் நூலில் சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு வணிகத்தில் இலாபம் பிரித்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. பூஜ்யத்திற்கு அவர் இட்ட 'ஸெஃபிரும்' என்ற பெயர் அரபியின் 'ஸிஃப்ர்' என்பதே. பின்னர் இத்தாலிய நகரங்களில் வணிகர் பிள்ளைகளுக்கெனக் கணக்குப் பள்ளிகள் தோன்றின. 1494-இல் லூக்கா பச்சோலி என்னும் கிறிஸ்தவத் துறவி, வெனிஸ் வணிகர்களிடையே வழக்கிலிருந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சு நூலில் விளக்கினார். முளாரபாவை ஒத்த 'கொமெண்டா' என்னும் ஒப்பந்தமும் அந்நகரங்களில் வழங்கியது. அது முஸ்லிம்களிடமிருந்து சென்றதாகவே இருக்கும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இன்று பல்கலைக்கழகங்கள் 'தொழில்முனைவு' என்ற பெயரில் இதனைப் பாடமாக்கியுள்ளன. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் 1947-இல் மைல்ஸ் மேஸ் என்னும் பேராசிரியர் புதிய தொழில்களை நிர்வகித்தல் குறித்து நடத்திய வகுப்பே இத்துறையின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. முதல் வகுப்பில் 188 மாணவர்கள் அமர்ந்திருந்தனர்.

திமிஷ்கீயின் நூலோ ஹிஜ்ரி 1318-இல்தான் (கி.பி. 1900) கெய்ரோவில் அச்சேறியது. 1917-இல் ஹெல்முட் ரிட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை ஆராய்ந்து தம் மொழியில் வெளியிட்டார். அறிஞர்கள் மட்டுமே வாங்கும் நூல்கள் எளிதில் விற்பனையாகா என்று அவர் எழுதியது, அவருடைய நூலின் அளவிலும் எழுநூறு ஆண்டுகள் உண்மையாகவே இருந்திருக்கிறது.