பத்தா, பதினொன்றா?

என் மேஜைக் கணினியில் ஓடுவது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்குக் கெடு முடிந்தது. இனி மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தராது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வருஷம் தவணை. காந்திபுரத்துக் கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல பதினொண்ணு ஏறாதுங்க சார். டி.பி.எம். 2.0 இல்லீங்க. புதுசா வாங்கிக்குங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

யோசித்தால் பழையதெல்லாம் வருகிறது. இதே கேள்வியில் அரசாங்கமே தவித்ததுண்டு. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நம் அலுவலகங்களில் பன்னிரண்டு வருஷம் ஓடியது. 2014 ஏப்ரல் 8-இல் அதற்குக் கெடு வந்தபோது, தமிழக அரசு தன் துறைகளை 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது, காசு கிடையாது. அதற்கு முன்பே, 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் இருந்தபோது அங்கே சூசே லினக்ஸைக் கொண்டுவந்திருந்தார். நான் ஓய்வு பெறும் சமயம். எங்கள் பிரிவில் பலர் முகம் சுளித்தோம். என் முகமும் அதில் ஒன்று.

வங்கிகள் இன்னும் மெதுவு. ஏ.டி.எம். பெட்டிகளிலிருந்து எக்ஸ்பியை எடுக்க 2019 ஜூன் வரை ரிசர்வ் வங்கி கெடு கொடுக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் ழாந்தார்மெரி என்கிற போலீஸ் படை எக்ஸ்பியை விட்டு உபுண்டு லினக்ஸுக்கே போய்விட்டது. காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தச் செய்தியைக் கொஞ்சம் பெருமையோடு படித்தேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்!

மாற்றத்துக்கு நான் பயந்தவன் இல்லை. முதலில் விரல் வைத்தது சித்தப்பாவின் பிரெஞ்சுத் தட்டச்சு இயந்திரத்தில். ஆங்கிலப் பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் அதில் 'ஏ' இருக்கும். கோவைக்கு வேலைக்கு வந்து ஆங்கிலத் தட்டச்சு, பிறகு தமிழ்த் தட்டச்சு, பிறகு 'தமிழ்99'. நான்கையும் இந்தக் கைதான் கற்றது.

பயம் வேறிடத்தில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு தமிழ்99 பலகையையும் 'டாம்', 'டாப்' என்ற எழுத்து முறைகளையும் ஏற்றது. அன்றைய ஏற்பாடு ஒரு தந்திரம். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஐரோப்பிய எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். ஒருங்குறியை அரசு ஏற்றது 2010 ஜூனில், இங்கே கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். கூட்டத்தில் நானும் வியர்த்து நின்றவன்தான்.

என் மாமனார் சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர். பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய காலத்தில், பதினாறு வயதில் உள்ளே போனவர். 2003-இல் தினமும் சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அலுவலகப் பழக்கத்தில் 'டாப்' எழுத்துருவில். மூன்று கோப்புகள், அறுபது பக்கத்துக்கு மேல். 2005-இல் அவர் போய்விட்டார்.

2011-இல் மகன் கணினியை அழித்து விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தான். கோப்புகளைக் குறுந்தகட்டில் எடுத்து வைத்தவன் எழுத்துருவை எடுக்க மறந்தான். எனக்கும் தோன்றவில்லை. திறந்தால் திரை நிறைய மேலே கோடும் புள்ளியும் போட்ட பிரெஞ்சு எழுத்துகள். பள்ளியில் உச்சரிப்போடு படித்த அதே எழுத்துகள், ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லாமல். பிரெஞ்சு தெரிந்தவனைப் பார்த்துக் கேலி செய்வதுபோல இருந்தது. மாமனாரின் குரல் உள்ளேதான் இருந்தது, எனக்குத்தான் வாசிக்க வழியில்லை. பேசாமல் மூடி வைத்தேன்.

இப்போது கெடு வந்ததும் பேத்தி அதைக் கையில் எடுத்தாள். எழுத்து மாற்றும் மென்பொருள் ஒன்றில் 'டாப்' என்று தேர்ந்தெடுத்து ஒட்டினாள். முதல் வரியே "நான் மில்லுக்குள்ள போன அன்னிக்கு" என்று வந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு கோப்புகள் முழுசாகக் கிடைத்தன. மூன்றாவது திறக்கவே இல்லை, குறுந்தகடு கீறலாகிவிட்டது. அதற்கு எந்த விண்டோஸும் பொறுப்பில்லை.

கிடைத்ததை ஒருங்குறியில் இரண்டு இடங்களில் சேமித்து, அச்செடுத்து, பைண்டிங்கும் போட்டாயிற்று. அதன் பிறகுதான் பேத்தியை லினக்ஸ் போடச் சொன்னேன். 2007-இல் முகம் சுளித்ததை அவளிடம் சொல்லவில்லை. பழைய பெட்டி நன்றாகவே ஓடுகிறது. பிரிண்டர்தான் இரண்டு நாள் அடம் பிடித்தது.

மூன்றாவது கோப்பில் இருந்தது 1940-களின் மில் கதை. மனைவி ஞாபகத்திலிருந்து சொல்கிறாள், நான் அடிக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது.